ஒரு நாள் தள்ளி வந்தவருக்கும் அதே காவிரி

(உலக மாற்றுத்திறனாளிகள் நாளையொட்டிக் காரைக்காலில் பொறியியல், மருத்துவ மாணவர்களிடையே ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



பதினைந்து நாளுக்கு முன்னால் கார்த்திகை பிறந்தது. அன்று விடியற்காலையில் இங்கிருந்து பஸ் பிடித்து மயிலாடுதுறைக்குப் போயிருந்தேன். துலாக் கட்டத்தில் முடவன் முழுக்கு. இந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்குத் தெரிந்த பெயர்தான். வெளியூரிலிருந்து படிக்க வந்தவர்களுக்காகச் சொல்கிறேன். ஐப்பசி முழுவதும் காவிரியில் துலா முழுக்கு நடக்கும். மாதத்தின் கடைசி நாள் கடைமுழுக்கு. அந்த ஒரு நாளாவது முழுகிவிட வேண்டும் என்று, நடக்க முடியாத ஒருவர் தொலைதூரத்திலிருந்து புறப்பட்டு வந்தாராம். கட்டத்துக்கு வந்து சேர்வதற்குள் ஐப்பசி முடிந்து கார்த்திகை பிறந்துவிட்டது. படித்துறையில் உட்கார்ந்து அழுதவரிடம், ‘இன்றைக்கு முழுகு, நேற்று முழுகியவர்கள் பெற்றதை நீயும் பெறுவாய்’ என்று மயூரநாதர் சொன்னதாகக் கதை. அதனால்தான் கார்த்திகை முதல் நாள் இன்றும் ஊரே அங்கே முழுகுகிறது.

சின்ன வயதில் என் பாட்டி சொல்லி இந்தக் கதையைக் கேட்டேன். அப்போது எனக்கு ஒரு குறை இருந்தது. சாமியாக இருப்பவர் காலைச் சரிசெய்து அனுப்பியிருக்கலாமே என்று. இத்தனை வருடம் பட்டறையிலும் வகுப்பிலும் கழித்த பிறகு அந்தக் குறை போய்விட்டது. பாட்டி சொன்ன கதையில் அவருடைய கால் அப்படியேதான் இருக்கிறது. நாள்தான் நகர்ந்து கொடுத்தது. வந்தவர் பிந்தி வந்ததற்குக் காரணம் அவர் கால் மட்டும் அல்ல, காலுள்ளவர்களின் நடையைக் கணக்கில் வைத்துக் குறித்த தேதியும் ஒரு காரணம் என்று யாரோ ஒருவருக்கு நம் டெல்டாவில் எப்போதோ தோன்றியிருக்கிறது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், ஒருவருடைய தேவைக்கு ஏற்ற நியாயமான மாற்றங்களைச் செய்து தர வேண்டும் என்றும், மறுப்பது பாகுபாடு என்றும் சொல்கிறது. சட்டம் படிக்கிறவர்கள் அதற்குப் பக்கம் பக்கமாக விளக்கம் எழுதுவார்கள். எனக்கு அந்தப் படித்துறையே போதும்.

இந்தச் சொல்லைப் பற்றியும் பேசிவிட வேண்டும். ‘முடவன்’ என்று இன்று யாரையும் அழைக்கக் கூடாது, அழைக்கவும் மாட்டோம். 2010இல் தமிழ்நாட்டில் ‘ஊனமுற்றோர்’ என்ற சொல்லை அரசு மாற்றி ‘மாற்றுத்திறனாளி’ என்று ஆக்கியது, புதுச்சேரியிலும் அதுவே வழக்காகிவிட்டது. நல்லது. ஆனால் பழைய சொல்லுக்குள் நம் வரலாறு இருக்கிறது. இங்கிருந்து ஐந்து கிலோமீட்டரில் திருநள்ளாறு. அங்கே சனிப்பெயர்ச்சிக்கு லட்சக்கணக்கில் கூடி வணங்கும் சனைச்சரன் பெயருக்கே மெல்ல நடப்பவன் என்றுதான் பொருள். முடவன் என்பது நிகண்டில் அவனுக்கு ஒரு பெயர். கால் தாங்கி நடக்கும் தெய்வத்தின் முன்னால் கை கட்டி நிற்கிற நாம், கால் தாங்கி நடக்கும் மனிதரைப் பார்த்து, ‘முடவன் கொம்புத் தேனுக்கு ஆசைப்பட்டாற்போல’ என்று பழமொழி சொல்கிறோம். கொம்புத் தேனுக்கு ஆசைப்பட்டது அவருடைய தவறாம். ஏணி செய்து கொடுக்காதது யார் தவறு என்று அந்தப் பழமொழி கேட்கவில்லை.

சங்க காலத்தில் ஐயூர் முடவனார் என்று ஒரு புலவர். புறநானூற்றின் 399ஆம் பாட்டு அவருடையது. தாமான் தோன்றிக்கோன் என்னும் தலைவனிடம் போகிறார். பொன்னையும் பட்டையும் அவர் வேண்டவில்லை. தம் வண்டியை இழுக்க ஒரு எருது வேண்டும் என்று கேட்கிறார். ஊர் ஊராகப் போய்ப் பாடிப் பிழைக்கும் மனிதர், நடக்க இயலாதவர். தமக்கு எது இல்லாததால் வாழ்க்கை நின்றுபோகிறது என்று அவருக்குத் துல்லியமாகத் தெரிந்திருக்கிறது. கேட்டதற்கு மேலும் ஆநிரையும் ஊர்தியும் அவன் தந்தான் என்று பாட்டு சொல்கிறது. எனக்கு முக்கியமாகப் படுவது அந்த ஒற்றைக் கோரிக்கைதான். கேட்பவருக்குத் தெரியும். கொடுப்பவர் செய்ய வேண்டிய முதல் வேலை, காதைத் திறந்து வைத்துக்கொள்வது.

நான் அதைச் செய்யத் தவறிய கதையை இப்போது சொல்கிறேன்.

பல ஆண்டுகளுக்கு முன், இறுதியாண்டு மாணவர்கள் நான்கு பேருக்கு நான் வழிகாட்டியாக இருந்தேன். கடலோரக் குப்பம் ஒன்றில், போலியோவால் இரண்டு காலும் சூம்பிப்போன ஒரு அம்மா இருந்தார். அக்கம்பக்கத்துக்கெல்லாம் ரவிக்கை தைத்துக் கொடுத்து வாழ்பவர். தரையில் கையை ஊன்றித்தான் வீடு முழுக்கப் போய் வருவார். அவரைப் பார்த்துவிட்டு வந்த பையன்கள், மோட்டார் வைத்த சக்கர நாற்காலி செய்வோம் என்றார்கள். எனக்கும் உற்சாகம். சதுரக் குழாயை வெல்டிங் வைத்து, பழைய வைப்பர் மோட்டார் இரண்டு, பேட்டரி, ஜாய்ஸ்டிக் எல்லாம் பொருத்தி, பளபளவென்று நீலப் பெயின்ட் அடித்தோம். பரிசு கிடைத்தது. கைதட்டலுக்கு நடுவே அந்த அம்மாவை அதில் உட்காரவைத்துப் படம் எடுத்தோம்.

ஆறு மாதம் கழித்து வேறு வேலையாக அந்தப் பக்கம் போனபோது எட்டிப் பார்த்தேன். நாற்காலி வீட்டை ஒட்டிய கீற்றுச் சாய்ப்பில் நின்றது. அதன் மேல் வலையைக் குவித்திருந்தார்கள். பேட்டரி முனையில் பச்சையாகக் களிம்பு. முன் சின்னச் சக்கரத்தைக் கையால் சுழற்றிப் பார்த்தேன், அசையவில்லை. பேரிங்குக்குள் மணலும் உப்பும் இறுகிக் கிடந்தன. அந்த அம்மாவுக்குக் கோபமே இல்லை. ‘வண்டி நல்லாத்தான் இருக்கு சார். ஆனா என் வேலையெல்லாம் தரையில கெடக்குதே’ என்றார்.

அப்போதுதான் நிமிர்ந்து வீட்டைப் பார்த்தேன். இல்லை, குனிந்து பார்த்தேன் என்றுதான் சொல்ல வேண்டும். அடுப்பு தரையில். அரிவாள்மணை தரையில். கையால் சுற்றும் தையல் மிஷின் ஒரு முக்காலிப் பலகையின் மேல், தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில். தண்ணீர்க் குடம் தரையில். அவருடைய உலகம் முழுவதும் அவர் கைக்கு எட்டும் உயரத்தில் அழகாக அமைந்திருந்தது. நாங்கள் அவரைத் தூக்கி அந்த உலகத்துக்கு மேலே ஒன்றரை அடி உயரத்தில் உட்கார வைத்திருந்தோம். ‘அப்படியானால் உங்களுக்கு என்னதாம்மா வேண்டும்?’ என்று கேட்டேன். முதல் நாளே கேட்டிருக்க வேண்டிய கேள்வி. கொல்லைப்புறத்தைக் காட்டினார். கழிப்பறைக்கு மூன்று படி. மழைக்காலத்தில் அந்தப் படியில் கை வழுக்குகிறது. உள்ளே போனால் பிடித்துக்கொள்ள ஒன்றும் இல்லை. பகலில் யாராவது பார்த்துவிடுவார்கள் என்று, இருட்டும்வரை தண்ணீர் குடிக்காமல் இருப்பதாகச் சொன்னார்.

இதை இங்கே இருக்கும் மருத்துவ மாணவர்கள் குறித்துக்கொள்ளுங்கள். தாகத்தை அடக்கிக்கொண்டு ரவிக்கை தைத்த ஒரு பெண்ணுக்கு நாங்கள் ஜாய்ஸ்டிக் கொடுத்திருந்தோம்.

ஊருக்குத் திரும்பிய அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அடுத்த வாரம் அந்த நான்கு பையன்களில் இரண்டு பேரைத் தேடிப் பிடித்து அழைத்துக்கொண்டு போனேன். இஞ்ச் டேப், ஒரு நோட்டு, அவ்வளவுதான். அன்று முழுக்க எதுவும் செய்யவில்லை, அளந்தோம். அவர் கையை ஊன்றும்போது தோள் எவ்வளவு உயரம், உள்ளங்கை எவ்வளவு அகலம், ஒரு எம்பில் எவ்வளவு உயரம் ஏற முடியும். படியின் உயரம் ஏழு அங்குலம்; அவரால் சிரமமில்லாமல் ஏற முடிந்தது நான்கு. மூன்று படியை ஆறாக ஆக்கினோம். இரண்டு பக்கமும் ஜி.ஐ. குழாயில் தாழ்ந்த கைப்பிடி. உள்ளே, பீங்கானுக்கு மேல் வைக்கும் தாழ்வான மரப்பலகை இருக்கை. இதில் பொறியியலே இல்லை என்று ஒரு பையன் முணுமுணுத்தான். இருக்கிறது தம்பி, நாம் படித்ததில் பாதி இதில் இருக்கிறது என்றேன்.

அளவைப் பற்றிச் சொல்ல இன்னும் இருக்கிறது. குளியலறைக்கு இரண்டரை அடிக் கதவு என்று தச்சர் சொல்வது பெரும்பாலும் நிலையின் வெளி அளவு. 30 அங்குலம். இரண்டு பக்கச் சட்டமும், திறந்து நிற்கும் கதவின் தடிமனும் போக 23 அங்குலம் மிஞ்சினால் அதிகம். கடையில் வாங்கும் சாதாரண சக்கர நாற்காலியின் மொத்த அகலம் 25, 26 அங்குலம். சக்கரத்தைத் தள்ளும் விரல் முட்டிக்கு இரண்டு பக்கமும் இடம் வேண்டும், அது தனி. ஆக வீட்டுக்குள் நாற்காலி வந்த பிறகும் குளியலறை வாசலில் அவரை யாராவது தூக்கித்தான் ஆக வேண்டும். தூக்குகிறவர் வீட்டில் இல்லாத நேரம்? இந்த மூன்று அங்குலத்தில் ஒரு மனிதரின் மானம் மாட்டிக்கொண்டு நிற்கிறது.

நான் செய்த தவற்றை எவ்வளவோ பெரிய இடங்களில் படித்தவர்களும் செய்திருக்கிறார்கள். அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஏமோஸ் வின்டர் என்னும் மாணவர் 2005இல் தான்சானியாவுக்குப் போனார். கரடுமுரடான பாதையில் சக்கர நாற்காலிக்காரர்கள் படும் பாட்டைப் பார்த்துவிட்டு, இரண்டு நீண்ட நெம்புகோலைக் கையால் முன்னும் பின்னும் தள்ளி ஓட்டும் நாற்காலி ஒன்றைத் தோழர்களோடு சேர்ந்து வடிவமைத்தார். அதன் நுட்பம் அபாரம். கியர் மாற்றும் பொறியே அதில் கிடையாது. நெம்புகோலின் மேல் நுனியைப் பிடித்துத் தள்ளினால் விசை கூடும், மணலிலும் மேட்டிலும் ஏறலாம். கீழே இறக்கிப் பிடித்தால் ஒரே தள்ளில் அதிக தூரம் போகும், சமதரையில் வேகம். மாறுவது கை பிடிக்கும் இடம்தான். அசையும் உறுப்பெல்லாம் சைக்கிள் சாமான், எந்தக் கிராமத்துச் சைக்கிள் கடையிலும் கிடைக்கும். இவ்வளவு யோசித்துச் செய்ததைக் கிழக்கு ஆப்பிரிக்காவில் கொண்டுபோய் ஓட்டிப் பார்க்கச் சொன்னபோது, ஓட்டியவர்கள் சொன்னது: எடை அதிகம், அகலம் அதிகம், வீட்டுக்குள் உதவாது. வின்டர் குழு மனம் கோணவில்லை. எடையைக் குறைத்தார்கள், அகலத்தைக் குறுக்கினார்கள், குவாத்தமாலாவில் சோதித்தார்கள், பிறகு இந்தியாவில் ஜெய்ப்பூர்க் கால் நிறுவனத்தோடு சேர்ந்து மறுபடி சோதித்தார்கள். பாராட்டுக்குரியது முதல் வடிவத்தைவிட இந்த மறுபடிகள்தான்.

ஜெய்ப்பூர்க் கால் என்றவுடன் நம் வயல்காட்டு மனிதர்கள் நினைவுக்கு வருகிறார்கள். மேல்நாட்டுச் செயற்கைப் பாதம் ஷூவுக்குள் நுழைக்கவென்று செய்தது. அதைப் போட்டுக்கொண்டு சம்மணம் போட முடியாது, குந்த முடியாது, சேற்றில் இறங்க முடியாது. 1968இல் ராம் சந்திர சர்மா என்னும் சிற்பக் கைவினைஞரும் டாக்டர் பி.கே. சேத்தியும் ரப்பரில் உருவாக்கிய பாதம் வெறுங்காலாக நடக்கும், குந்தி உட்காரும், நாற்று நடும் வயலில் தண்ணீருக்குள் நிற்கும். நெடுங்காட்டில் நடவு வேலைக்குப் போகும் ஒருவருக்கு எது கால், எது காலைப் போன்ற பொம்மை என்று ஜெய்ப்பூரின் அந்த இரண்டு பேருக்கும் விளங்கியிருந்தது. ஒருவர் மருத்துவர், ஒருவர் கைவேலைக்காரர். இந்தச் சேர்க்கையை நினைவில் வையுங்கள்.

பிறகு அதே ஜெய்ப்பூர் நிறுவனத்துக்காக ஸ்டான்ஃபோர்டு மாணவர்கள் வகுப்புப் பயிற்சியாகச் செயற்கை முழங்கால் மூட்டு ஒன்றை வடிவமைத்தார்கள். 20 டாலருக்குள் செய்யக்கூடியது. ‘டைம்’ இதழ் 2009இன் சிறந்த கண்டுபிடிப்புகளில் அதைச் சேர்த்தது. அதற்குப் பிறகும் வேலை நிற்கவில்லை. நடக்கும்போது எழும் சத்தத்தைக் குறைப்பது அடுத்த வடிவத்தில் ஒரு தனி வேலையாகவே இருந்தது. கோயிலுக்குள்ளோ கல்யாண வீட்டிலோ நுழையும்போது தம் முழங்கால் டக்டக்கென்று எல்லோரையும் திரும்பிப் பார்க்கவைப்பதை எந்த மனிதர் விரும்புவார்?

நம் நாட்டுக் கணக்கையும் பாருங்கள். டெல்லி ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் எம். பாலகிருஷ்ணனிடம் 2005 வாக்கில் மாணவர்கள் எடுத்த வேலை, பார்வையற்றோரின் வெள்ளைக் கோலில் பொருத்தும் கருவி. கோல் தரையைத் தட்டிச் சொல்லும். தலைக்கு நேரே தாழ்ந்து நிற்கும் மரக்கிளையைச் சொல்லாது. கேளா ஒலியை அனுப்பி, எதிரே உள்ளதை அதிர்வால் கைக்கு உணர்த்துவது அந்தக் கருவி. ‘ஸ்மார்ட்கேன்’ என்ற பெயரில் அது மக்கள் கைக்கு வந்தது 2014இல். தயாரித்தது சென்னையின் ஃபீனிக்ஸ் மெடிக்கல் சிஸ்டம்ஸ். ஒன்பது ஆண்டு! தொடங்கிய பிள்ளைகள் பட்டம் வாங்கி, வேலைக்குப் போய், கல்யாணமும் செய்துகொண்டிருப்பார்கள். நம் கல்லூரிகளிலோ ஜனவரியில் தலைப்பு, ஏப்ரலில் வாய்மொழித் தேர்வு, மே மாதம் எல்லாம் அலமாரிக்கு மேலே.

சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் சுஜாதா ஸ்ரீனிவாசன் நடத்தும் டி.டி.கே. மறுவாழ்வுக் கருவி ஆய்வு மையத்தை நேரம் கிடைத்தால் போய்ப் பாருங்கள். உட்கார்ந்திருப்பவர் தம் கை வலுவால் எழுந்து நிற்க உதவும் ‘அரைஸ்’ நாற்காலி 2019இல் அங்கிருந்து வந்தது. நாள் முழுக்க உட்கார்ந்தே இருந்தால் படுக்கைப்புண் வரும், எலும்பு மெலியும். ஒரு கடைக்காரருக்கு எழுந்து நின்று மேல்தட்டிலிருந்து சாமான் எடுப்பது மருந்தும் பிழைப்பும் சேர்ந்த விஷயம். அந்த மையத்திலிருந்து வளர்ந்ததுதான் ஸ்வஸ்திக் சௌரவ் தாஷ் முதலானோரின் நியோமோஷன் நிறுவனம். உட்காருபவரின் உடம்பை அளந்து, துணி தைப்பதுபோல அவருக்கென்று நாற்காலி செய்கிறார்கள். அதன் முன்னால் மாட்டிக்கொள்ளும் மோட்டார் பகுதி தனி. மாட்டினால் 25 கிலோமீட்டர் வேகத்தில் சாலையில் போகலாம், கழற்றிவிட்டால் வீட்டுக்குள் புழங்கும் நாற்காலி. நாங்கள் நீலப் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்த காலத்தில் இந்த யோசனை எங்களுக்கு வந்திருந்தால் என்று இப்போதும் ஏங்குகிறேன்.

உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் 2022இல் சேர்ந்து வெளியிட்ட அறிக்கை, ஏதாவது ஒரு துணைக்கருவி தேவைப்படுவோர் உலகில் 250 கோடிக்கு மேல் என்கிறது. மூக்குக்கண்ணாடியும் அதில் அடக்கம். கிட்டத்தட்ட 100 கோடிப் பேருக்குக் கிடைப்பதில்லை. பெரிய எண் நம்மை அசையாமல் உட்கார வைத்துவிடும் என்பதால் நான் அதை அதிகம் சொல்வதில்லை. நம் மாவட்டம் 160 சதுர கிலோமீட்டர். சைக்கிளிலேயே ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குப் போய்விடலாம். திருவேட்டக்குடியில் தேசியத் தொழில்நுட்பக் கழகம், ஜிப்மரின் கிளை, நெடுங்காட்டில் வேளாண் கல்லூரியும் பொறியியல் கல்லூரியும், பாலிடெக்னிக். இத்தனையும் இவ்வளவு சின்ன ஊரில் கூப்பிடு தூரத்தில் அமைவது அபூர்வம். அப்படியிருந்தும் பொறியியல் மாணவருக்கு மருத்துவ மாணவரைத் தெரியாது. இருவருக்கும் பாரதியார் வீதியில் சைக்கிள் பழுது பார்ப்பவரைத் தெரியாது.

தேவையும் மாறிவருகிறது. இயற்கையாகப் பரவும் போலியோ வைரஸ் 2011 ஜனவரிக்குப் பிறகு நாட்டில் யாரையும் தாக்கவில்லை. 2014இல் சான்றும் கிடைத்தது. அன்று பாதிக்கப்பட்டவர்களுக்கு இன்று வயதாகிறது, கையை ஊன்றி ஊன்றித் தோள்பட்டை தேய்ந்துபோகிறது. புதிதாக வருகிறவர்கள் சர்க்கரை நோயில் காலை இழந்தவர்கள், பக்கவாதம் வந்தவர்கள், பைக்கிலிருந்து விழுந்து முதுகுத்தண்டு அடிபட்ட உங்கள் வயதுப் பையன்கள்.

இந்த மண்ணுக்கென்று இரண்டு எதிரி உண்டு. ஒன்று உப்புக்காற்று. மற்றது மழை பெய்தால் சக்கரத்தில் அப்பிக்கொள்ளும் வண்டல் களிமண். மெரினாவில் சக்கர நாற்காலிகள் கடலுக்கு அருகே போக மரத்தாலான நிரந்தரப் பாதையை 2022 நவம்பர் 27 அன்று திறந்தார்கள். இரண்டு வாரம்கூட ஆகவில்லை, மாண்டஸ் புயல் அதன் ஒரு பகுதியைப் பெயர்த்துவிட்டது. அதற்காக யாரும் பாதையே வேண்டாம் என்று சொல்லிவிடவில்லை; செப்பனிட்டார்கள். கடற்கரையில் எதைச் செய்தாலும், பழுது பார்ப்பதையும் சேர்த்துத்தான் செய்ய வேண்டும். நம் மீனவர்கள் படகுக்கு அப்படித்தான் செய்கிறார்கள். ஆண்டுக்கு ஒருமுறை கரையேற்றிச் சுரண்டிப் பெயின்ட் அடிக்காத படகு உண்டா?

ஆகவே ஆசிரியர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள். இறுதியாண்டுத் திட்டத்துக்குத் தரும் மதிப்பெண்ணில் ஒரு பகுதியையாவது, யாருக்காகச் செய்தீர்களோ அவர் கையில் கொடுங்கள். அவர் போடட்டும். வண்டி ஒரு ஐப்பசி கார்த்திகை மழையைத் தாண்டிய பிறகு போடட்டும். பட்டமளிப்புக்கு முன் அது நடக்காது என்பீர்கள். இரண்டாம் ஆண்டிலேயே தொடங்கினால் நடக்கும். சீனியர் செய்ததை ஜூனியர் பழுது பார்ப்பதும் ஒரு திட்டம்தான் என்று பாடத்திட்டக் குழுவில் எழுதிவையுங்கள். புதிதாக எதையும் செய்யாமல் நான்கு பழைய மூன்று சக்கர வண்டிகளை ஓடவைத்த மாணவனுக்கு முழு மதிப்பெண் போட நான் தயார்.

அந்தக் குப்பத்து அம்மா இன்றும் தைக்கிறார். நாற்காலியைப் பிரித்து மோட்டாரையும் சக்கரத்தையும் வேறு வேலைக்கு எடுத்துக்கொண்டோம். படியும் கைப்பிடியும் இருக்கின்றன. ஒவ்வொரு புரட்டாசியிலும் மாணவர்கள் இரண்டு பேர் போய்க் குழாயைச் சுரண்டி, ரெட் ஆக்சைடு பூசி, மேலே பெயின்ட் அடித்துவிட்டு வருகிறார்கள். எவ்வளவு அடித்தாலும் அவர் கை விழும் இடத்தில் மட்டும் பெயின்ட் நிற்பதில்லை. தேய்ந்து இரும்பு தெரியும், அங்கிருந்துதான் துரு தொடங்கும். நாங்களும் என்னென்னவோ பூசிப் பார்த்தோம். இந்த வருடம் போனபோது அந்த இடத்தில் வலைக்குப் போடும் நைலான் கயிற்றை நெருக்கமாகச் சுற்றி முடிச்சுப் போட்டிருந்தது. ஈரக் கையிலும் வழுக்கவில்லை. அவருடைய அண்ணன் சுற்றியதாம். சனிக்கிழமை அங்கே போகிறேன். அந்த முடிச்சை எப்படிப் போடுவது என்று அவர் சொல்லித் தருவதாகச் சொல்லியிருக்கிறார். வருகிறவர்கள் காலை ஏழு மணிக்கு அரசலாற்றுப் பாலத்தருகே நில்லுங்கள். இஞ்ச் டேப் எடுத்து வாருங்கள்.